இயலாத மனைவி

ஜீவனாம்ச மனுவின் நான்காம் பக்கத்தின் அடியில், அவள் பெயருக்கு நேராக, வக்கீல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. பேனாவைக் கையில் வாங்கியவள் அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "இதுல நான் போட மாட்டேன்க்கா" என்றாள். ஏதோ ஒரு தொகையோ தேதியோ தவறாக இருக்கிறது என்று நினைத்து நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். தொகை சரி, தேதி சரி. அவளை நிறுத்தியது, அவள் கையில் வைத்துக்கொள்ளட்டும் என்று நான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்த பிரதியில் உள்ள ஒரு வரி: "மனுதாரர் தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாதவர்."

"யாருக்கா இயலாதவ? அவன் போன நாள்ல இருந்து வாடகை யாரு கட்டுறா? பெரியவனுக்கு ஃபீஸ் யாரு கட்டினா? தினம் மூணு வீடு செய்றேன், சனிக்கிழமைன்னா நாலாவது வீடு. நான் கையாலாகாதவன்னு நானே கோர்ட்டுல எழுதிக் குடுக்கணுமா? அதப் படிச்சா அவன் சிரிப்பான்." நான் அது சட்டத்தில் இருக்கும் வார்த்தை என்றேன். "சட்டத்துல இருந்தா, பொய்யில கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள். டீயை மட்டும் முழுதாகக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெங்களூர் அல்சூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வங்கிப் படிவம், அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்பு என்று மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்கு எந்த ஆங்கிலக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். இவளுக்கு இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் கன்னடப் பெண், நல்லவர், மனுவை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டிப் புரியவைத்துக் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு. அதில் இருந்த சொல் ‘அன்ஏபிள்’. அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை தமிழாக்கியிருப்பேனோ தெரியாது. ‘உங்கள் கோரிக்கையைச் செயல்படுத்த இயலவில்லை’, ‘கணக்கைத் திறக்க இயலவில்லை’. ஒரு தடவைகூட அந்தச் சொல்லின் முன் நின்று யோசித்ததில்லை. அன்று இரவு அதுவே என் முன்னால் வந்து நின்றது.

தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒன்று உறைத்தது. வங்கிக்காக எழுதும்போது நான் ‘இயலவில்லை’ என்றுதான் எழுதுகிறேன். வங்கியை நான் ஒருநாளும் ‘இயலாதது’ என்று எழுதியதில்லை. ஒரு பெண்ணைப் பற்றி எழுதியபோது மட்டும் ‘இயலாதவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

கையும் ஆகாததும்

செய்ய முடியாததைச் சொல்லத் தமிழில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று மறுநாள் காலையில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எனக்குப் பாட வராது. எனக்கு நீச்சல் தெரியாது. என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இன்றைக்கு வர முடியவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியலை. என்னால் ஆகாது. இவற்றில் எதிலும் ‘நான்’ எழுவாயாக இல்லை. ‘எனக்கு’ என்கிறோம், ‘என்னால்’ என்கிறோம். முடிதல் என்றால் முடிவுக்கு வருதல். ‘என்னால் முடியவில்லை’ என்றால் ஒரு காரியம் என் வழியாக முடிவுக்கு வரவில்லை என்றுதான் பொருள். குறை காரியத்தின் பக்கம் நிற்கிறது, ஆளின் பக்கம் வரவில்லை. என் அம்மா ஃபோனில் "முடியலடி" என்றால் காய்ச்சலா, களைப்பா, மனசு சரியில்லையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல் அம்மாவைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

இதே வினையைப் பெயராக்கிப் பாருங்கள். முடியாதவர், இயலாதவர், ஆகாதவர், கையாலாகாதவர். ‘இன்றைக்கு’, ‘இந்த வேலையை’, ‘இந்தச் சம்பளத்தில்’ என்று உடன் வந்த எல்லாமே உதிர்ந்துபோகின்றன. ஆள் மட்டும் மிஞ்சுகிறார், நெற்றியில் ஒரு முத்திரையோடு. அவள் என் வாசகத்தைக் கேட்டுவிட்டு உடனே ‘கையாலாகாதவ’ என்று திருப்பிச் சொன்னது கோபத்தில் மிகைப்படுத்தியது என்று முதலில் நினைத்தேன். இல்லை, நான் எழுதியதைத்தான் அவள் பேச்சுத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

பெங்களூரில் இருப்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கன்னடத்தில் ‘நன் கையல்லி ஆகல்ல’ என்றால் ‘என்னால் முடியாது’ என்றுதான் அர்த்தம். என் கையில் ஆகாது. காய்கறிக்காரர் விலை குறைக்க முடியாது என்பதற்கும், ஆட்டோக்காரர் அவ்வளவு தூரம் வர முடியாது என்பதற்கும் சொல்லும் சாதாரணப் பேச்சு. அதே கையையும் அதே ஆகாததையும் தமிழில் ஒன்றாக ஒட்டினால் ‘கையாலாகாத’ என்று வசவாகிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் ஒரு கை இருக்கிறது. ‘ஏபிள்’ என்பதற்கு மூலம் ‘ஹபிலிஸ்’ என்ற லத்தீன் சொல். கைக்கு அடங்குவது, கையாள எளிதானது என்று பொருள். மூன்று மொழியிலும் கைதான். எந்த வேலை கையை விட்டுப் போனது என்று சேர்த்துச் சொல்கிறோமா, கையையே குற்றம் சொல்கிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

‘அன்ஏபிள்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு குணம் உண்டு. இவ்வளவு வருடம் அதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். அது தனியாக நிற்காது. பின்னாலேயே ஒரு ‘டு’ வர வேண்டும், அதன் பின்னால் ஒரு வினை வர வேண்டும். வர அன்ஏபிள், நடக்க அன்ஏபிள், பணம் கட்ட அன்ஏபிள். ‘ஒரு அன்ஏபிள் மனிதர்’ என்று ஒருவரின் முன்னால் அதை வைத்து எழுத இன்றைய ஆங்கிலத்தில் வழியில்லை. எதைச் செய்ய என்று சொல்லியே ஆக வேண்டும். ‘இன்கேப்பபிள்’ வேறு ரகம். அது ஆளின் இயல்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொய் சொல்லவே இன்கேப்பபிள் என்று ஒருவரைப் புகழலாம், எதற்கும் இன்கேப்பபிள் என்று ஒருவரை ஒழித்தும் கட்டலாம். நம் சட்டங்களிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு, மனநிலை பிறழ்ந்ததால் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாதவரைப் பற்றிப் பேசியது. அங்கே வந்த சொல் ‘இன்கேப்பபிள்’. ஜீவனாம்சப் பிரிவில் இருப்பது ‘அன்ஏபிள்’. நான் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போட்டு மூடியிருக்கிறேன்.

கமாவுக்குப் பின்னால்

1973-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியது, அந்த வாசகம் மாறவில்லை. வசதி இருந்தும் ஒருவர் பராமரிக்கத் தவறினால் அல்லது மறுத்தால் யார் யார் கேட்கலாம் என்று சொல்லும் இடத்தில் முதலில் வருவது ‘அவருடைய மனைவி’. அங்கே ஒரு கமா. அதன் பிறகுதான் ‘தன்னைப் பராமரித்துக்கொள்ள அன்ஏபிள்’ வருகிறது. அந்தப் பக்கத்தை இறக்கிப் படித்தபோது அந்தக் கமாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் முதலில் மனைவி வந்து நின்றுவிடுகிறாள், பிறகுதான் அவளுடைய நிலைமை வருகிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதால் ‘இயலாத மனைவி’ ஆகிவிட்டது. மனைவி உள்ளே வருவதற்கு முன்பே இயலாமை வாசலில் வந்து நிற்கிறது.

1898-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் இந்தச் சொல் மனைவிக்கு இல்லை, குழந்தைக்கு மட்டும்தான் இருந்தது. 1973-இல்தான் மனைவிக்கும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு, வேலைக்குப் போகிறாளே, படித்திருக்கிறாளே, பிழைத்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று கணவர்கள் தரப்பில் வாதாட இந்த ஒரு சொல் வசதியாகப் போயிற்று. நீதிமன்றங்களும் இதன் பொருளைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கம்தான் என்னை எழுந்து உட்கார வைத்தது. கணவனோடு வாழ்ந்தபோது அவளுக்கு இருந்த வசதிதான் அளவுகோல். கைவிடப்பட்ட பிறகு எப்படியாவது உயிர் பிழைக்க அவள் எடுக்கும் முயற்சிகளை அதில் சேர்க்கக் கூடாது. ஒன்றுமே இல்லாத ஏழையாக இருந்தால்தான் மனு போடலாம் என்பதும் இல்லை. பிச்சை எடுத்து உயிர் வாழ்கிறாள் என்பதற்காக அவளால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடிகிறது என்று ஆகிவிடாது என்று அந்தத் தீர்ப்பு உதாரணமே காட்டியது. பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கில், சம்பாதிக்கும் திறன் இருப்பது வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதாவது ‘கேப்பபிள்’ என்பதால் மட்டும் ‘அன்ஏபிள்’ இல்லை என்று ஆகிவிடாது. ஒரு பெண் திறமையுள்ளவளாகவும் அதே நேரத்தில் இயலாத நிலையிலும் இருக்கலாம். சட்டத்துக்கு இதில் எந்த முரணும் இல்லை.

ஜீவனாம்சத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பழைய தீர்ப்பையும் அந்த வாரத்தில் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் நடந்த விபத்தில் ஒரு தச்சருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று, முழு இயலாமை என்று எப்படிச் சொல்லலாம் என்பது முதலாளி தரப்பு வாதம். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்புதான் என்றது. உடம்பில் எத்தனை பங்கு போயிற்று என்று அவர்கள் அளக்கவில்லை, எந்த வேலை போயிற்று என்று பார்த்தார்கள். ‘இயலாது’ என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி ‘எது?’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இருந்தாலும் அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூவாயிரத்து நானூறு

புதன்கிழமை மதியம் வந்தாள். மூன்றாவது வீட்டை முடித்துவிட்டு, சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போவதற்கு நடுவில் முக்கால் மணி நேரம் அவளுக்கு இருந்தது. கையெழுத்துப் போட வரவில்லை, மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்ல வந்திருந்தாள். நான் யோசித்து வைத்திருந்த இலக்கணம் எதுவும் வாயில் வரவில்லை. பிச்சை பற்றிய அந்தத் தீர்ப்பை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிச்சை எடுத்தாக்கூட, அவதான் பொழச்சுக்குறாளேன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றாள். சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒரு பேப்பர் குடுங்கக்கா" என்றாள்.

நான் எழுதிய தமிழ்ப் பிரதியின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். முதல் வீடு 4,500, இரண்டாவது 4,000, மூன்றாவது 3,500, சனிக்கிழமை வீட்டில் மாதம் 1,500. குடும்பத் தலைவிக்குக் கர்நாடக அரசு தரும் கிருஹலட்சுமி 2,000. அதை எழுதும்போது மட்டும், "அது வந்தா வந்தது" என்றாள். மொத்தம் 15,500. இந்தப் பக்கம் வாடகை 7,000, சாப்பாடும் கேஸும் 6,500, இரண்டு பிள்ளைகளின் ஃபீஸை மாதத்துக்குப் பிரித்தால் 3,000, கரண்டும் தண்ணீரும் 600, ஃபோனும் மருந்தும் 800, சீட்டு 1,000. மொத்தம் 18,900. பஸ்ஸுக்கு ஒன்றும் எழுதவில்லை, 2023-இலிருந்து பெண்களுக்கு இலவசம். துணிக்கும் எழுதவில்லை. வேலை செய்யும் வீடுகளில் தருவதைத்தான் மூவரும் உடுத்துகிறார்கள். குறைவது 3,400. அதை எங்கிருந்து எடுக்கிறாய் என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில் முன்பணம் வாங்கி, மூன்றாவது வீட்டில் வாங்கி அதை அடைத்து, சீட்டு எடுத்து இரண்டையும் அடைத்து இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறாள். அவன் இருந்தபோது அவன் கொடுத்தது 18,000, அவள் இரண்டு வீட்டில் சம்பாதித்தது 8,000. அப்போது பையன் கராத்தே வகுப்புக்குப் போனான் என்றாள். இதை அவள் வேறு எதற்காகவும் சொல்லவில்லை, கணக்கில் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் சொன்னாள்.

தாளைத் தன் பக்கம் திருப்பி, அடியில் நான் கோடு போட்டு எழுதியிருந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "அந்த இங்கிலீஷ் வார்த்தை இருக்குல்லக்கா, அது என்னைப் பத்தியா, இந்த மூவாயிரத்து நானூறைப் பத்தியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. நாலு நாளாக அகராதியிலும் சட்டத்திலும் நான் தேடிக்கொண்டிருந்ததை அவள் ஒரு விரலால் காட்டிவிட்டாள். ஆங்கில மனுவில் இருக்கும் சொல் அந்த 3,400-ஐப் பற்றியது. என் தமிழ் வாக்கியம் அவளைப் பற்றியது. அவள் கையெழுத்துப் போடாதது சரி. அவள் சொன்னதுபோல் அந்தப் பிரதியில் இருந்தது பொய்தான், அதை எழுதியது நான். "மூவாயிரத்து நானூறைப் பத்தி" என்றேன். "அப்ப அதை எழுதுங்க" என்றாள்.

அங்கேயே எழுதினோம். ‘மனுதாரர் நான்கு வீடுகளில் வேலை செய்து சம்பாதிக்கிறார். அந்த வருமானம் அவரையும் பிள்ளைகளையும் பராமரிக்கப் போதவில்லை.’ போதவில்லை என்ற சொல்லை அவள்தான் சொன்னாள். நான் ‘போதுமானதாக இல்லை’ என்று எழுதப் போனேன், "இழுக்காதீங்கக்கா" என்றாள். வக்கீலை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டோம். ‘அன்ஏபிள்’ என்ற சட்டத்தின் வார்த்தை மனுவில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்றார். அதற்கு முன்னால் அவள் செய்யும் வேலையையும் சம்பளத்தையும் விவரமாக ஒரு பத்தி சேர்த்துத் தருவதாகச் சொன்னார். எப்படியும் வரவு செலவைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டித்தான் ஆக வேண்டும், 2020 முதல் அது கட்டாயம், மறைப்பதால்தான் கேஸ் கெட்டுப்போகும் என்றும் சொன்னார். இரண்டு நாளில் புதிய காகிதம் வந்தது. புதிய பத்தியை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வீடுகளின் எண்ணிக்கை சரியா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் முன்பு செய்துகொடுத்த வேலைகளைத் திறந்து பார்த்தேன். ஒரு முதியோர் படிவத்தில் ‘சுயமாக நடக்க இயலாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறேன். ‘நடக்கச் சிரமமாக இருந்தால்’ என்று எழுதியிருக்கலாம். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றுத்திறனாளி என்று மாற்றத் தமிழ்நாட்டில் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசினோம். பல இடங்களில் பெயரே தேவையில்லை, ஒரு வினைச்சொல் போதும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கெட்டுப்போன வாக்கியங்களில் நான் திருத்தக்கூடியவற்றைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் சித்தையா ரோட்டில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு அவளோடு போயிருந்தேன். மெட்ரோவில் போகலாம் என்றேன், பஸ் இலவசம்தானே என்று பஸ்ஸில்தான் கூட்டிப்போனாள். முதலில் கவுன்சிலிங். என்னை உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தாள். லால்பாக் பக்கம் நடந்து போகும்போதுதான் சொன்னாள். உள்ளே இருந்தவர் ஆங்கில மனுவைப் பார்த்துக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனாராம். ‘அசமர்த்த’ என்று ஒரு வார்த்தை வந்ததாம்.

"சமர்த்து இல்லாதவன்றாரு போலக்கான்னு நெனச்சேன். அப்புறம் அவரே கேட்டாரு, நிம்மன்ன நீவே நோட்கொள்ளோக்கெ ஆகல்வான்னு."

உங்களை நீங்களே பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஆகுத்தெ சார், ஆத்ரெ சாகாகல்லன்னேன்." முடியுது சார், ஆனா போதல.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல, எழுதிக்கிட்டாரு. கன்னடத்துல எழுதினாரு, எனக்குப் படிக்கத் தெரியல." அடுத்த தேதி எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினாள். சனிக்கிழமையாக இருந்தால் நாலாவது வீட்டுக்கு லீவு சொல்ல வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். வியாழக்கிழமை என்றேன். சீட்டை வாங்கிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி இடம் பிடித்தாள்.